மீண்டும் ஆலயத்திற்கு: நலம் காத்து வழிபட சில வழிமுறைகள்

"டாக்டர், நான் எப்போது கோயிலுக்குப் போகலாம்?"

2021 ஜூலைத் தொடக்கத்திலிருந்து எங்கள் புறநோயாளிகள் பிரிவில் மருந்தைப் பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கேட்கப்பட்ட வினா இதுவே. கொரோனாவின் இரண்டாம் அலை காரணமாக 2021 ஏப்ரல் 26 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த தமிழகத்தின் வழிபாட்டுத் தலங்கள், ஜூலை 5 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. திருவிழாக்களுக்கு அப்போது அனுமதி இல்லை. எனினும், தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் மட்டுமே திருப்பலி கண்டுவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்கு ஆலயத்திற்குத் திரும்பத் தொடங்கின.

மேற்கண்ட வினாவை எங்களிடம் கேட்டவர்களுள் 68 வயது அம்மையார் ஒருவரும் உண்டு. ஆஸ்துமாவுக்கும் நீரிழிவுக்கும் எங்களிடம் நெடுநாளாகச் சிகிச்சை பெறுபவர். மார்ச்சில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாகத் தடுப்பூசியின் இரு தவணைகளையும் செலுத்திக் கொண்டவர். "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட அவருடைய கணவர் மே மாதத்தில் கொரோனாவால் காலமானார். உடல் ஆலயத்திற்குக் கொண்டு செல்லப்படாமல் நேரே கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றது. முப்பதாம் நாள் திருப்பலியின்போதும் ஆலயம் பூட்டியே இருந்தது. "அவருக்காக ஒரு பூசையில் நான் உட்கார வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

முதல் அலையின்போது இத்தகைய வேண்டுகோள்களுக்கு நாங்கள் ஒரே சொல்லில் விடையளித்தோம்: "வேண்டாம்." அது போதிய விடையன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அச்சத்தால் வீட்டுக்குள்ளேயே முடங்கிய சிலர் நடைப்பயிற்சியைக் கைவிட்டனர். உறக்கமும் பசியும் குன்றின. கட்டுக்குள் இருந்த சர்க்கரை உயர்ந்தது. வேறு சிலர் எங்களிடம் சொல்லாமலே நெரிசலான கூட்டங்களுக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவர், திட்டுவோம் என்று அஞ்சிக் காய்ச்சலை ஐந்து நாட்கள் மறைத்து, மூச்சுத்திணறலுடன் வந்து சேர்ந்தார். அவர் பிழைத்துக் கொண்டார். ஆயினும் எங்களுக்கு அது ஒரு பாடம். போகக் கூடாது என்று மட்டும் சொல்லும் மருத்துவர், எப்படிப் போவது என்று கேட்கும் வாய்ப்பை நோயாளியிடமிருந்து பறித்து விடுகிறார். எனவே, 'எப்படி' என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

யார் காத்திருக்க வேண்டும்?

காய்ச்சல், இருமல், தொண்டைவலி, உடல்வலி, வாசனை தெரியாமை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்று ஆலயம் செல்லலாகாது. "மழைக்காலச் சளிதான்" என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பரிசோதனை செய்து கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தால் ஏனையோர் 14 நாட்கள் வெளியே செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது 2021-இல் இருந்த விதி. வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள், அறிகுறி தோன்றி 10 நாட்களும் காய்ச்சலின்றி 3 நாட்களும் கழிந்த பின்னரே தனிமையை முடிக்கலாம் என்பதும் அப்போதைய விதியே.

65 வயதைக் கடந்தோர், இணைநோய் உள்ளோர், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருக்குமாறு 2021-இல் மத்திய அரசின் நெறிமுறை அறிவுறுத்தியது. இவ்வறிவுரையை எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். இரு தவணைத் தடுப்பூசியும் முடிந்து இரண்டு வாரங்கள் கடந்தவர், நோய் கட்டுக்குள் உள்ளவர், கூட்டம் குறைந்த திருப்பலிக்குச் செல்ல இயன்றவர் எனில், தம் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யலாம். உறுப்பு மாற்று அறுவை செய்து கொண்டோர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொள்வோர், அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்குத் தடுப்பூசியின் பாதுகாப்பு குறைவாக இருக்கக்கூடும். அவர்கள் இன்னும் சில காலம் பொறுத்திருப்பதே நலம்.

கர்ப்பிணிகளும் தடுப்பூசி செலுத்திக் கொள்ள 2021 ஜூலை 2 அன்று மத்திய அரசு அனுமதி வழங்கியது. கொரோனாவிலிருந்து மீண்டவர்கள் மூன்று மாதங்கள் கழித்துச் செலுத்திக் கொள்ளலாம் என்பது அப்போதைய வழிகாட்டல்.

ஆலயத்தில் ஆபத்து எங்கே உள்ளது?

பலரும் பெஞ்சையும் சுரூபத்தையும் தொடுவதற்கே அஞ்சுகின்றனர். தொடாமல் இருப்பது நன்றே. ஆயினும் இந்நோய் பெரும்பாலும் பரவுவது நாம் விடும் மூச்சின் வழியாக. காற்றோட்டமற்ற இடத்தில் பலர் கூடி, நெடுநேரம் இருந்து, குரலெழுப்பும்போது ஆபத்து பெருகுகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழு தேவாலயக் கூடமொன்றில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. கலந்து கொண்ட 61 பேரில் 53 பேர் நோயுற்றனர்; இருவர் இறந்தனர். பாடும்போது நுண்துளிகள் மிகுதியாக வெளியேறுகின்றன என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு இது. ஆகவேதான் பாடகர் குழுவுக்குப் பதிலாகப் பதிவு செய்யப்பட்ட பாடல்களை ஒலிக்கவிடுமாறு அப்போதைய நெறிமுறை கூறியது. சில காலம் மனத்துக்குள் பாடுவோம்.

உயர்ந்த கூரையும் அகன்ற சன்னல்களும் கொண்ட பழைய ஆலயங்கள் இவ்வகையில் நமக்குத் துணை செய்கின்றன. கதவுகளையும் சன்னல்களையும் முழுவதும் திறந்து வைக்குமாறு பங்குப்பேரவையினரிடம் கேளுங்கள். குளிரூட்டப்பட்ட சிற்றாலயங்களில் நீண்ட நேரம் அமர்வதைத் தவிருங்கள். ஆலய முற்றத்திலோ கெபியின் முன்னோ திருப்பலி நடைபெற்றால் அதுவே சிறந்தது. இது புதுமையும் அன்று. 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, மக்கள் தம் வீட்டுச் சன்னல்களிலிருந்தே திருப்பலி காணும்படி தெருச் சந்திப்புகளில் பீடங்கள் அமைக்கச் செய்தார், அந்நகரின் பேராயரான புனித சார்லஸ் பொரோமியோ.

வாசல் முதல் வாசல் வரை

ஞாயிறு காலைத் திருப்பலியை விட வார நாள் திருப்பலியில் கூட்டம் குறைவு. நோயாளிகள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். மூக்கும் வாயும் நன்கு மூடும்படி முகக்கவசம் அணியுங்கள். பேசும்போதும் மன்றாட்டு வாசிக்கும்போதும் அதை இறக்க வேண்டாம். கதவு அல்லது சன்னலை ஒட்டிய இடத்தில் ஆறடி இடைவெளி விட்டு அமருங்கள். தரையில் அமர்பவர்கள் தங்கள் விரிப்பை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். தீர்த்தத் தொட்டியில் விரல் நனைப்பதும் சுரூபங்களைத் தொட்டு முத்தமிடுவதும் இப்போதைக்கு வேண்டாம். சமாதான வாழ்த்தைக் கைகூப்பித் தெரிவிப்பது நம் மரபுக்கும் இயல்பானதே.

நற்கருணையைக் கையில் வாங்குவதே பாதுகாப்பானது. முதலில் கைகளைத் தூய்மை செய்து கொள்ளுங்கள். "ஆமென்" என்பதை முகக்கவசத்துடனேயே சொல்லுங்கள். பிறகு ஓர் அடி விலகி நின்று, கவசத்தைச் சற்று இறக்கி உட்கொண்டு, உடனே மூடிக் கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சானிட்டைசரில் பெரும்பகுதி ஆல்கஹால், எளிதில் தீப்பற்றும். கை முழுவதும் உலர்ந்த பின்னரே மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

பூசை முடிந்ததும் முற்றத்தில் நின்று நலம் விசாரிப்பதே நம்மவர் வழக்கம். நெருங்கி நின்று, கவசத்தைக் கழற்றிப் பேசுவது அப்போதுதான். அந்தப் பேச்சைத் தொலைபேசியில் வைத்துக் கொள்வோம்.

உண்ணாநோன்பும் மருந்தும்

நற்கருணை வாங்குவதற்காக முந்தைய இரவு முதல் உண்ணாமலும், காலை மாத்திரையை விடுத்தும் வரும் முதியவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். இன்சுலின் செலுத்துவோருக்கு இது பெருந்தீங்கு; ஆலயத்திலேயே சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். இன்றைய திருச்சபைச் சட்டம் கோருவது, நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு மட்டுமே. நீரும் மருந்தும் அந்நோன்பை முறிப்பதில்லை. முதியோருக்கும் நோயுற்றோருக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே உணவையும் மருந்தையும் வழக்கமான வேளையில் உட்கொண்டே செல்லுங்கள். ஆஸ்துமா உள்ளோர் இன்ஹேலரைப் பையில் வைத்திருங்கள். சாம்பிராணிப் புகையிலிருந்து விலகி அமருங்கள். கொரோனாவிலிருந்து அண்மையில் மீண்டவர்கள் நெடுநேரம் நிற்கவோ முழந்தாளிடவோ முயல வேண்டாம், அமர்ந்தே செபியுங்கள்.

செல்ல இயலாதோர்க்கு

"ஞாயிறு பூசைக்குப் போகாதது பாவமல்லவா?" என்று படுக்கையிலிருந்தே வருந்துவோர் உள்ளனர். நோய் போன்ற தக்க காரணத்தால் வர இயலாதவரை ஞாயிறு கடன் கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் போதனை. இதை உங்கள் பங்குத்தந்தையிடமே கேட்டுத் தெளிவு பெறலாம். நற்கருணையை இல்லத்திற்குக் கொணரவும் நோயில்பூசுதல் அருட்சாதனம் வழங்கவும் அவரை வேண்டலாம். அவர் வரும்போது சன்னல்களைத் திறந்து வையுங்கள். எல்லாரும் முகக்கவசம் அணியுங்கள். அறையில் இருவர் மூவருக்கு மேல் வேண்டாம். வீட்டில் எவருக்கேனும் தொற்று இருந்தால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி விடுங்கள். அவர் அடுத்துச் செல்லப் போவது இன்னொரு நோயாளியின் இல்லமாக இருக்கலாம்.

முன்னர்க் குறிப்பிட்ட அம்மையாருக்கு நாங்கள் சொன்னவையும் இவையே. மூச்சுத்திறனைச் சோதித்தோம், இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்துகிறாரா என்று பார்த்தோம். பங்குத்தந்தையுடன் பேசி, ஒரு புதன்கிழமைக் காலைத் திருப்பலியைக் கணவருக்காக ஒப்புக்கொடுக்க அவர் ஏற்பாடு செய்தார். இட்லி உண்டு, மாத்திரை போட்டு, மகளுடன் சென்று, பக்கவாட்டுக் கதவின் அருகே அமர்ந்தார். பூசை முடிந்ததும் எவருடனும் நிற்காமல் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, வீடு திரும்பினார். இரண்டு வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது காய்ச்சலோ இருமலோ இல்லை; உயர்ந்திருந்த சர்க்கரையும் சற்று இறங்கியிருந்தது. "இப்போதுதான் டாக்டர் தூக்கம் வருகிறது" என்றார்.

ஆலயம் செல்ல விரும்பும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் வேண்டுவது ஒன்றே. செல்வதற்கு முன் எங்களைக் கேளுங்கள். சென்று வந்தபின் உடல்நலம் குன்றினால், அஞ்சி மறைக்காமல் அன்றே எங்களிடம் வாருங்கள். ஏன் போனீர்கள் என்று நாங்கள் திட்டமாட்டோம்.