புதிய 'ரிக்' வருகிறதாம்!

மார்கழி வந்தால் சபா டிக்கெட்டுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பவர்களை நமக்குத் தெரியும். முதல் நாள் முதல் காட்சிக்குத் தூக்கத்தை விட்டவர்களையும் தெரியும். ஒரு வானொலிப் பெட்டிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஹாம் வானொலி அன்பர்கள் எனப்படும் அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். "அட, வீட்டில் இருக்கிற ரெண்டு பெட்டி போதாதா?" என்று என் மனைவி கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல இந்த மலர் இடம் கொடுத்திருக்கிறது.

ஹாம் என்றால் என்ன?

அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, இலாப நோக்கம் இல்லாமல் வானொலி அலைகளில் உரையாடுபவரே ஹாம். இந்திய அழைப்புக் குறிகள் 'வி.யு.' என்று தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறி வி.யு.2 ஆர்.ஜி.

இவர்களின் முக்கியக் கருவி டிரான்ஸீவர். அனுப்புவது, வாங்குவது ஆகிய இரண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்யும். எங்கள் பேச்சுவழக்கில் அதற்கு 'ரிக்' என்று பெயர். சிற்றலைகள் வானத்தின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால், நூறு வாட் பல்பு எரியும் அளவு மின்சாரத்தில் கண்டம் கடந்து பேசிவிடலாம். இடையில் செல்போன் கோபுரமோ, கேபிளோ, யாருடைய தயவோ வேண்டியதில்லை.

காத்திருப்பது எதற்காக?

பேசுவது சுலபம், கேட்பதுதான் கஷ்டம். தொலைவிலிருந்து வரும் குரல் ஏரியலில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவாக, அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் வந்து சேரலாம். பக்கத்து அலைவரிசையில் ஒருவர் பலமாகப் பேசினால் அந்த மெல்லிய குரல் அமுங்கிப்போகும். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிர்மூலையில் பாட்டி முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? நல்ல ரிக் அதைத்தான் செய்கிறது. புதிய ரிக் வருகிறது என்றால், இதுவரை கேளாத குரல் இனி கேட்குமா என்பதே எங்கள் எதிர்பார்ப்பு.

ஜப்பானின் ஐகாம் நிறுவனம் 2015 ஆகஸ்டில் டோக்கியோ ஹாம் விழாவில் ஐ.சி.-7300 என்ற ரிக்கைக் காட்சிக்கு வைத்தது. ஏரியலில் வரும் அலையை நேரடியாக எண்களாக மாற்றி, கணிப்பு முறையில் பிரித்தெடுக்கும் நுட்பம் அதில் இருந்தது. யார் யார் எங்கே பேசுகிறார்கள் என்பதைத் திரையில் கண்ணாலேயே பார்க்கலாம். அது கடைக்கு வந்தது 2016-இல். அதுவரை உலகமே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. விலை அமெரிக்காவில் சுமார் 1,500 டாலர், அன்றைய கணக்கில் ஒரு லட்சம் ரூபாய். இறக்குமதிச் செலவு அதற்கு மேல். நம் ஊர் மாணவன் ஒருவன் அதைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடத்தான் முடியும்.

நம் ஐதராபாத்தின் பங்கு

இந்தப் பெருமூச்சுக்கு மருந்து நாம் குடியிருக்கும் இதே ஐதராபாத்தில் பிறந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இங்கே வாழும் அஷ்ஹர் ஃபர்ஹான் (வி.யு.2 ஈ.எஸ்.ஈ.) 2000-களின் தொடக்கத்தில் 'பிட்எக்ஸ்' என்ற ரிக்கை வடிவமைத்தார். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களே அதற்குப் போதும். கம்பிச்சுருள் சுற்றுவதற்கான விசேஷ வளையம் கிடைக்காவிட்டால், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் சுற்றிக்கொள்ளலாம்!

அதன் சூட்சுமம் எளியது. பேசும்போதும் கேட்கும்போதும் ஒரே வடிப்பான்தான். திசை மட்டும் மாறும். ஒற்றை ரயில் பாதையில் வண்டி போவதும் வருவதும் போல. பாகங்கள் பாதியாகக் குறைகின்றன, செலவும் குறைகிறது.

அதன் பிறகு 7 மெகாஹெர்ட்ஸுக்கான பிட்எக்ஸ்-40 பலகை 2016-இல் வந்தது. 2017 டிசம்பரில் வந்தது 'மைக்ரோ பிட்எக்ஸ்'. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை, சுமார் 10 வாட், விலை 109 டாலர், அதாவது அன்று ஏறத்தாழ 7,000 ரூபாய். ஜப்பான் பெட்டிக்கு நாம் காத்திருந்த காலம் போய், ஐதராபாத் பார்சலுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பலகைகளின் சுருள்களைக் கையால் சுற்றியவர்கள் இங்குள்ள ஒரு மகளிர் குழுவினர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதன் மின்சுற்றுப் படமும் மென்பொருளும் ஒளிவுமறைவில்லாமல் வெளியிடப்பட்டன. பெட்டியோடு வேண்டாத அலைகளும் சேர்ந்து வெளியேறுவதைப் பயன்படுத்தியவர்களே அளந்து கண்டுபிடித்தார்கள், திருத்தமும் சொன்னார்கள். 2019-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தக் குறை களையப்பட்டது. மூடிய பெட்டிக்குக் காத்திருப்பவர் வாடிக்கையாளர். திறந்த பெட்டிக்குக் காத்திருப்பவரோ மாணவர். விலையைவிட இந்த வித்தியாசமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெறும் பொழுதுபோக்கா?

"எல்லாம் சரி சார், கையில்தான் செல்போன் இருக்கே?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் 2004 டிசம்பர் 26 அன்று கிடைத்தது.

அந்தமானில் 1987-க்குப் பிறகு ஹாம் நிலையம் இயங்கவில்லை. அந்த டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், நம் நகரிலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் குழுவோடு போர்ட் பிளேர் சென்று, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற குறியில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். உலக ஹாம்கள் அந்த அபூர்வக் குறியைப் பிடிக்க முண்டியடித்தார்கள். அப்போதுதான் ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசியும் மின்சாரமும் போயின. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே ரிக்குகள் தீவுகளுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி சுமந்தன. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். "உயிரோடு இருக்கிறோம்" என்ற ஒரு வரிக்காக ஏங்கியவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். மெல்லிய குரலைக் கேட்க வைக்கும் கருவியின் அருமை அன்று புரிந்தது.

நம் பிள்ளைகளுக்கு

1978-ஆம் ஆண்டின் விதிகளே 12 வயது நிரம்பியவர்களைத் தேர்வெழுத அனுமதித்தன. பள்ளி இயற்பியலும் கொஞ்சம் விதிமுறைகளும் படித்தால் போதும். ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு, தூரத்துக் குரலின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசிய தலைமுறை நாம். நம் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஒரு சூட்டுக்கோலும், ஈயக்கம்பியும், ஒரு மின்சுற்றுப் படமும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். உரிமம் கைக்கு வருமுன் கேட்கும் பகுதியை மட்டும் கட்டி முடிக்கட்டும். முதன்முதலாக அதில் ஒரு குரல் கேட்கும்போது, அடுத்த ரிக் எப்போது வரும் என்று உங்கள் வீட்டிலும் ஒருவர் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.