பிடே இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

குளியல் அறையை இடித்துக் கட்டும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம்

சில பழைய வீடுகளின் குளியல் அறையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி இருக்கும். கக்கூஸ் பீங்கானுக்குப் பக்கத்திலேயே இருக்கும். உயரமும் ஏறக்குறைய அதே உயரம். ஆனால் மூடி கிடையாது. ஒன்று அல்லது இரண்டு குழாய் மட்டும் உண்டு.

கால் கழுவும் தொட்டி என்று சிலர் நினைப்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று சிலர் நினைப்பார்கள். இரண்டும் இல்லை. மலம் கழித்த பிறகு, அதில் போய் உட்கார்ந்து கழுவிக்கொள்ள வேண்டும். அதற்காகவே செய்த தொட்டி அது. அதன் பெயர் "பிடே".

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இப்படி ஒரு வீட்டை வாங்கியவர் என்ன செய்வது? வைத்துக்கொள்வதா? உடைத்து எறிவதா? கொத்தனார் உளியை எடுக்குமுன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

குட்டிக் குதிரை!

பிரெஞ்சு மொழியில் "பிடே" என்றால் குட்டிக் குதிரை. குதிரைமேல் உட்காருவது போல இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதால் இந்தப் பெயர் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இது வந்தது. அன்று குழாய் இல்லை. மரச் சட்டத்தில் கிண்ணத்தைப் பொருத்தி, வேலைக்காரர்கள் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். பெரிய மனிதர் வீட்டுச் சாமான் அது.

ஆங்கிலேயர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் காகிதத்தோடு நின்றுவிட்டார்கள். இத்தாலிக்காரர்கள் அப்படி அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியல் அறையிலாவது பிடே இருந்தே தீர வேண்டும் என்று 1975இல் அரசாங்க உத்தரவே போட்டுவிட்டார்கள்!

ஜப்பானில் 1980இல் "டோட்டோ" கம்பெனி வேறு ஒரு வழி கண்டது. தனித் தொட்டி வேண்டாம். உட்காரும் பலகையிலேயே தண்ணீர் பீச்சும் என்றது. மின்சாரத்தில் வேலை செய்யும் பலகை அது. 2020இல் கொரோனா வந்தபோது அமெரிக்கக் கடைகளில் கழிவறைக் காகிதம் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் அங்கே பலருக்குத் தண்ணீரின் ஞாபகம் வந்தது.

நம் நாட்டில் தண்ணீரால் கழுவுவதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை. செம்பு போதும். ("கக்கூஸ்" என்ற சொல்தான் தமிழ் அல்ல. அது டச்சுச் சொல். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் பேசிய மொழி!)

ஆகவே கழுவுவதா வேண்டாமா என்ற கேள்வியே இங்கே இல்லை. எதனால் கழுவுவது என்பதுதான் கேள்வி.

குழாய்க்குள் இருக்கும் ஆபத்து

பிடேயில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், வாஷ்பேசினில் இருப்பது போலக் குழாய் மேலே இருக்கும். தண்ணீர் மேலிருந்து கீழே விழும். இதனால் தொல்லை இல்லை. இன்னொன்றில், தொட்டியின் அடியிலிருந்து நீரூற்றுப் போலத் தண்ணீர் மேலே பீச்சும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வடசென்னைக்கு இந்த வகை ஆகாது.

ஏன்?

இங்கே கார்ப்பரேஷன் தண்ணீர் நாள் முழுவதும் அழுத்தத்தோடு வருவதில்லை. வரும் நேரத்தில் அடிபம்பால் அடித்துப் பிடிக்கிறார்கள். சிலர் விதியை மீறிக் குழாயிலேயே மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். அப்படி இழுக்கும்போது குழாயில் தண்ணீர் குறைந்தால், அது எங்கே தண்ணீர் கிடைத்தாலும் உறிஞ்சும். பிடேயின் அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தால் அதையும் உறிஞ்சும்!

மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீட்டிலும் இது நடக்கலாம். தொட்டி காலியாகிவிட்டது. கீழ் வீட்டில் சமையல் அறைக் குழாயைத் திறக்கிறார்கள். மாடியில் பிடேக்குள் நின்ற தண்ணீர் இறங்கி, அரிசி களையும் பாத்திரத்தில் விழலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 1933இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஊரெல்லாம் விருந்தாளிகள். இரண்டு பெரிய ஹோட்டல்களின் பழைய குழாய் இணைப்புகளில் இருந்த கோளாறுகளால் கழிவு நீர் குடிநீரில் கலந்துவிட்டது. ஆயிரம் பேருக்கு மேல் சீதபேதி கண்டது. 98 பேர் இறந்தார்கள்.

அடியிலிருந்து பீச்சும் பிடேயாக இருந்தால் எடுத்துவிடுவதே நல்லது. வைத்தே தீருவேன் என்பவர்கள், தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வைப் பிளம்பரிடம் சொல்லிப் பொருத்த வேண்டும். கார்ப்பரேஷன் குழாயோடு நேராக இணைக்கவே கூடாது.

இப்போது வீடுகளில் "ஹெல்த் ஃபாசெட்" என்று ஒரு கைக்குழாய் மாட்டுகிறார்கள். அதையும் கழிவறைப் பீங்கானுக்குள்ளோ அழுக்கு வாளிக்குள்ளோ போட்டுவிட்டு வரக் கூடாது. அதே ஆபத்து அதிலும் உண்டு. கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியூர் போகும்போது சுவரில் உள்ள வால்வையும் மூட வேண்டும். ரப்பர் குழாய் வெடித்தால் மாடித் தொட்டி முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடும்.

தாத்தா பாட்டிக்கு எது வசதி?

பிடேயை வைத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் வயதானவர்களைக் காட்டுவார்கள். கை எட்டாதவர்களுக்கும் குனிய முடியாதவர்களுக்கும் அது உதவும் என்பார்கள். பாதி உண்மைதான். மூல வியாதிக்காரர்களையும் பிள்ளை பெற்ற பெண்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் உட்காரும்படி டாக்டர்கள் சொல்வது உண்டு. அதற்குப் பிடே வசதி. ஆனால் அகலமான பிளாஸ்டிக் பேசினும் அந்த வேலையைச் செய்யும்.

முழங்கால் வலிக்காரரின் கஷ்டமே வேறு. ஓர் இடத்தில் எழுந்து, நகர்ந்து, இன்னோர் இடத்தில் உட்கார வேண்டும். ஈரத் தரையில் இது நடக்க வேண்டும்! ஒரு முறை எழுவதே பெரும்பாடு. அவர் உட்கார்ந்த இடத்திலேயே கழுவிக்கொள்ள வேண்டும். அதற்குக் கைக்குழாயே மேல்.

பிடே இரண்டடி நீளம் இருக்கும். கால் வைக்க இடம் விட்டால் இரண்டரை அடி அகலம் வேண்டும். வடசென்னை வீடுகளில் குளியல் அறையே எவ்வளவு பெரிது? அந்த இடத்தில் சுவரைப் பிடித்து எழ ஒரு உறுதியான கம்பியும், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் வைத்தால் பெரியவர்கள் வழுக்கி விழமாட்டார்கள். பெரிய அறை, குடும்பத்தில் தினமும் உபயோகிக்கிறவர் உண்டு, குழாய் மேலிருந்து விழும் வகை என்றால் மட்டும் இருக்கட்டும்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். இரண்டு செம்பில் முடிகிற காரியத்துக்குப் பிடே அரை வாளி கேட்கும். 2019இல் சென்னை ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் என்று வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை. பீச்சும் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

எடுக்கும்போது கவனம்

சிலர் பிடேயை எடுக்கவும் மாட்டார்கள், உபயோகிக்கவும் மாட்டார்கள். துணி ஊறவைக்கும் சாமானை அதன்மேல் அடுக்குவார்கள். இதுதான் மிகவும் மோசம். பிடேயின் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு. பிளம்பர்கள் "டிராப்" என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயுவை அதுதான் தடுக்கிறது. பல நாள் தண்ணீர் விடாவிட்டால் அது வற்றிவிடும். நாற்றமும் கரப்பானும் நேராக வீட்டுக்குள் வரும். குளியல் அறை எவ்வளவு கழுவினாலும் நாறுகிறது என்று பினாயிலை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்!

எடுப்பது என்று முடிவு செய்தால், தண்ணீர் வரும் குழாயைப் பிரியும் இடத்திலேயே வெட்டி அடைக்கச் சொல்ல வேண்டும். பாதியில் அடைத்தால் மிச்சக் குழாயில் தண்ணீர் தேங்கிக் கெடும். கழிவுக் குழாயின் வாயைச் சாக்குத் துணியைத் திணித்துச் சிமெண்ட் பூசி மூடுவது கூடாது. அதற்கென்று உள்ள மூடியைப் போட்டு ஒட்ட வேண்டும். இடித்த கல்லும் சிமெண்டும் அந்த வழியாக உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். போனால் அடைத்துக்கொள்ளும். அடைப்பு எடுக்க, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு ஆளையே கொன்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் டைல்ஸ் ஒட்ட அவசரப்பட வேண்டாம். தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு நாள் முழுவதும் சுவரையும் தரையையும் பார்க்க வேண்டும். எங்காவது கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால் கூலி இரட்டிப்பு.