கணிப்பொறிக்குள் போலி வைத்தியர்

நாகர்கோவிலில் என் மாணவர் ஒருவரின் வீட்டுக் கணிப்பொறித் திரையில் திடீரென ஓர் எச்சரிக்கை தோன்றியது: "முழுச் சோதனை முடிந்தது. 38 வைரஸ்கள் உள்ளன. நீக்கப் பணம் கட்டுக!" அவருடைய தந்தை பதறிப்போய் வங்கி அட்டையை எடுத்துவிட்டார்.

மாணவரோ கணக்குப் போட்டார். சோதனை நடந்தது அரை நிமிடம். அந்த வன்தட்டு நொடிக்குச் சுமார் 100 மெகாபைட் படிக்கும். அதிலிருந்ததோ 200 ஜிகாபைட். படிக்க மட்டுமே அரைமணிக்கு மேலாகும்! ஆகவே நடந்தது சோதனையன்று, வெறும் படக்காட்சி.

'வின்ஃபிக்சர்' முதலிய இத்தகைய போலிகளை விற்றவர்கள்மீது அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2008-இல் வழக்குத் தொடுத்தது. ஏமாந்தோர் பத்து லட்சத்துக்கும் மேல்.

இதை நீக்குவது எப்படி? முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விண்டோஸ் எழும்போதே தானும் எழும்படி, போலி நிரல் தொடக்கப் பட்டியலில் தன்னைப் பதிந்து வைத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அழிப்பதும் எளிதன்று. 'சேஃப் மோடு' முறையில் இயக்கினால் இன்றியமையாத பகுதிகள் மட்டுமே எழும். போலி பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். அவ்வேளையில் அதன் கோப்பையும் பதிவையும் நீக்கிவிட்டு, மெய்யான ஆன்டிவைரஸ் கொண்டு சோதிக்கலாம். 2017-இல் தொடங்கப்பட்ட மைய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இதற்கான கருவிகளை இலவசமாகவே தருகிறது.

அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் முதலில் வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.