மேல்காற்றும் மேல்வெயிலும்

அவிநாசியில் வீடு கட்ட விழைவோர் முதலில் மேற்குத் திசையை நோக்குதல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் உண்டு. ஆனி, ஆடித் திங்களில் பருவக்காற்று அவ்வழியே கொங்குநாட்டுக்குள் புகுகின்றது. பங்குனி, சித்திரையிலோ பிற்பகல் வெயில் அதே திசையிலிருந்து சுவரைச் சுடுகின்றது! காற்றை வரவேற்று வெயிலை விலக்குவது எங்ஙனம்?

மேற்கே அகன்ற தாழ்வாரம் இறக்கினால் சுவரில் நிழல் விழும். சன்னல் வழியே காற்றும் வரும். அந்திச் சாய்கதிர் தாழ்வாரத்தின் கீழும் நுழையுமாதலின், வெளியே ஒரு வேம்பும் வேண்டும். ஒன்றரை அடி மண்சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடப் பல மணி நேரம் தாமதிக்கும். அதற்குள் இரவுக் காற்று வந்துவிடும்.

மண் கரைந்துவிடாதா என்பீர்கள். நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு கலந்து அழுத்திய, சூளையில் சுடாத மண்கற்களால் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் மாடிவீடுகளே எழுப்பியிருக்கின்றனர்.