சிறைவாசியும் காஜியின் கடமையும்

அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீத் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அரசின் வரி வருவாய் பற்றித் தலைமைக் காஜி இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் எழுதிய நூலே 'கிதாபுல் கராஜ்'. ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மறைந்த அப்பேரறிஞர், வரவைப் பேச வந்த அந்நூலில் சிறைவாசிகளுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்.

கைதி ஒவ்வொருவருக்கும் பைத்துல்மாலிலிருந்து மாதம் 10 திர்ஹம் வழங்கவேண்டும் என்கிறார் இமாம். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர்கள் கவர்ந்துகொள்வர். ஆதலின் பெயர் சொல்லி அழைத்துப் பணமாகவே கையில் தரவேண்டும். விலங்கோடு தெருவில் இரந்துண்ணும்படி எவரையும் விடலாகாது. ஆதரவற்ற கைதி இறந்தால் அரசே கஃபனிட்டு அடக்கம் செய்யவேண்டும்.

இவற்றினும் ஆழமானது அவர் காட்டும் காரணம். கைதிகளின் தொகை பெருகுவது, அவர்களின் விவகாரத்தை எவரும் எடுத்து ஆராயாமையினாலேயே என்பது அவர் முடிபு. எனவே அதிகாரிகள் அடிக்கடி சிறைகளைப் பார்வையிட்டு, குற்றம் உறுதியானோர்க்கு உரிய தண்டனை அளித்தும், வழக்கே இல்லாதோரை விடுவித்தும் வரவேண்டும் என்று கலீஃபாவுக்கு அறிவுறுத்தினார்.

ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இக்கருத்தை நீதிபதியின் ஒழுங்காகவே வகுக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் காஜி முதலில் நோக்கவேண்டியது சிறையிலிருப்போரின் நிலையை. 'அநீதியாக அடைக்கப்பட்டேன்' என ஒருவர் முறையிட்டால், சான்று காட்டும் சுமை எதிர்வாதியைச் சேரும். கைதி கேட்கும்வரை காத்திராது நீதிபதியே தேடிச் செல்வதே இவ்விரு நூல்களும் உணர்த்தும் நெறி.

இந்நெறியை வைத்து நம் நாட்டு நிலையை நோக்குவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளின் கொள்ளளவு 4,36,266. அடைபட்டிருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்புப் பெறாதோர் மட்டுமே சிறைகளை ஏறத்தாழ நிரப்பிவிடுகின்றனர்! இவர்களுக்கான உணவும் காவலும் மருத்துவமும் மக்கள் வரிப்பணத்திலேயே நடைபெறுகின்றன. உழைப்பவனை இழந்த குடும்பத்தின் இழப்போ எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

சட்டம் வழிகாட்டாமல் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, உச்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதி பிணை பெறலாம். முன்னர் எக்குற்றத்திற்கும் தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கு கழித்தாலே போதும். அதற்கு நீதிமன்றத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளோர்க்கும் இச்சலுகை இல்லை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தண்டனை பெற்றோர் பற்றியும் அந்நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பளித்தது. முன்விடுதலைக் கொள்கை வகுத்துள்ள மாநில அரசு, கைதி விண்ணப்பிக்காவிடினும், தகுதியுடையோரின் விடுதலையைத் தானே பரிசீலிக்கவேண்டும் என்பதே அது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) வலியுறுத்திய 'ஆராய்தல்' இங்கே வேறு மொழியில் ஒலிக்கக் காண்கிறோம்.

குற்றவாளிகளைத் திறந்துவிடுவதா எனச் சிலர் வினவலாம். பாதிக்கப்பட்டோரின் உரிமை ஹக்குல் இபாத். அதை எவரும் அழித்துவிட முடியாது. பிணையில் செல்பவரின் வழக்கு முடிந்துவிடுவதில்லை. முன்விடுதலையும் தகுதி ஆய்ந்த பின்னரே. ஆபத்தானவரைச் சிறையில் வைப்பதும், ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையை மறந்துவிடுவதும் ஒன்றாகா.

பிணை உத்தரவு கிடைத்தும், ஈடு காட்ட இயலாமல் உள்ளேயே இருப்போர் உளர். கடனைத் திருப்ப வழியற்றவனுக்கு அவகாசம் தரப் பணிக்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம். வறுமை ஒருவனுக்கு விலங்காகிவிடக் கூடாது என்னும் உணர்வை அவ்வசனம் நமக்கு ஊட்டுகிறது. நம் ஜமாஅத்துகளும் வழக்கறிஞர்களும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு இணைந்து, இத்தகையோர் எச்சமயத்தவராயினும் அவர்களைத் தேடிக் கண்டறிதல் வேண்டும். காஜியின் முதற்கடமையை இன்று அரசோடு சேர்ந்து நாமும் சுமக்கவேண்டியவர்களாயிருக்கிறோம்.

நீதியை நிலைநிறுத்துவோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் சேர்த்தருள்வானாக!