சிறுமலை ஏறும் ஜீப்புக்கு என்ன மரியாதை?

பழைய வாகனங்களுக்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் ஒரு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அது பொருந்தும். சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். சாசி, பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் 10 ஆண்டுக்குப் பதிவு கிடைக்கும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கு, பழைய கார் பேரணிக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சாலைக்கு எடுத்து வரலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. ஷெட்டில் துணி போர்த்தி ஒரு டாட்ஜையோ செவர்லேயையோ வைத்திருப்பவருக்கு இது நல்ல விதிதான். ஆனால் திண்டுக்கல் சீமையில் ரொம்ப காலம் உழைத்த, இன்னும் அங்கங்கே உழைத்துக்கொண்டிருக்கிற அமெரிக்க வண்டி ஜீப். இந்த விதியை வைத்து அளந்தால் அது எல்லா நிபந்தனையிலும் தோற்றுப்போகும். எஞ்சின் மாறியிருக்கும், பாடி மாறியிருக்கும், சாசியில் வெல்டிங் இருக்கும், தினமும் சுமை ஏற்றும். குறை விதியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இந்த வட்டாரத்துக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பு மோட்டார் வண்டிக்கும் முந்தியது. 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக் குடியேறியவர்கள் மதுரையை மையமாகக் கொண்டு இயங்கிய அமெரிக்க மிஷனரிகள். அது வேறு கதை. கார்களை இங்கே கொண்டுவந்தது வியாபாரம். பிரிட்டனில் எஞ்சின் சிலிண்டரின் விட்டத்தைக் கணக்கிட்டுக் கார் வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து அங்குள்ள கம்பெனிகள் சின்ன எஞ்சினாகவே செய்தன. அமெரிக்கர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. பெரிய எஞ்சின், உயர்ந்த அடிப்பாகம், தடித்த ஸ்பிரிங் பட்டைகள் என்று மண்சாலைக்கு ஏற்றபடி செய்தார்கள். ஆள்வது பிரிட்டிஷ்காரராக இருந்தும் நம் சாலைகளில் செவர்லேயும் ஃபோர்டும் மிகுதியாக ஓடியதற்கு இது முக்கியமான காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் ஆலை தொடங்கியது. ஃபோர்டு சென்னையிலும் பாகங்களை இறக்கி வண்டி பூட்டியது. மதுரையில் 1911-ல் தொழில் தொடங்கிய டி.வி.எஸ். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளராகவும் வளர்ந்தது. பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-ல் அரசு முடிவெடுத்ததும், அடுத்த ஆண்டே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. அந்தக் கார்களில் தப்பிப் பிழைத்தவை இன்று சேகரிப்பாளர்களிடமும், சென்னையின் பழைய கார் பேரணிகளிலும் இருக்கின்றன. நன்றாகத்தான் இருக்கின்றன. சாதாரண மனிதரின் பிழைப்பிலிருந்து மட்டும் அவை எப்போதோ விலகிவிட்டன.

ஜீப்பின் வழி தனி. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு லேசான நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டது. மாதிரி வண்டிக்கு 49 நாள் கெடு. பென்சில்வேனியாவில் இருந்த பேன்டம் என்ற சிறிய கம்பெனி கெடுவுக்குள் செய்து கொடுத்தது. ஆனால் வில்லிஸும் ஃபோர்டும்தான் பெரிய ஆர்டரைத் தட்டிக்கொண்டு போயின. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள். போர் ஓய்ந்தபின் மிச்சமானவை இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா கம்பெனி, வில்லிஸிடம் உரிமம் பெற்று 1947-ல் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தது. பின்பு வந்த சி.ஜே. 3பி என்ற மாடல்தான் நம் மனத்தில் 'ஜீப்' என்று பதிந்த உருவம். அதன் புதிய எஞ்சின் உயரமானது. அதை உள்ளே அடக்க பானட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அழகு போயிற்று என்று குறை சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1953-ல் வந்த அந்த மாடலை 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதன் வழிவந்த வண்டிகள் 2010 வரை ஆலையிலிருந்து வந்தன. பி.டி.ஓ. வந்தாலும், தேர்தலுக்கு ஒலிபெருக்கி கட்டினாலும், தோட்டத்துக்கு உரம் போனாலும் அந்த உருவம்தான். வேறெந்த அமெரிக்க வண்டிக்கும் தமிழ்நாட்டில் இவ்வளவு நீண்ட ஆயுள் வாய்த்ததாகத் தெரியவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தின் நில அமைப்பு இந்த ஆயுளைக் கூட்டியது. ஊரைச் சுற்றிச் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மலை. நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மேற்கே ஆடலூர், பன்றிமலை, பெரும்பாறை, தாண்டிக்குடி என்று கீழ்ப்பழனி மலைக் கிராமங்கள். மலை வாழை, காபி, மிளகு, எலுமிச்சை எல்லாம் விளைவது தார்ச்சாலை ஓரத்தில் அல்ல. அது முடிந்து இன்னும் தூரம் போக வேண்டும். சிறுமலையில் அந்த மிச்ச தூரத்தைக் கடக்க இன்றைக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். குதிரைக்கும் லாரிக்கும் நடுவில் உள்ள இடம் ஜீப்பின் இடம். வாழைத்தார் ஏற்றி இறங்குகிற ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் கம்பிகள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும். இன்னொன்று வேகத்தைச் சுமார் இரண்டரை மடங்கு குறைத்து, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டும். அதைப் போட்டு முதல் கியரில் விட்டால், இறக்கத்தில் வண்டியை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்து மிதித்து டிரம் சூடேற வேண்டியதில்லை. அமெரிக்க ராணுவம் சேற்றுக்காகக் கேட்ட வசதி, சிறுமலையில் வாழைத்தாருக்குப் பயன்பட்டது.

வண்டி தாக்குப்பிடிக்க வேறொரு காரணமும் உண்டு. போர்க்கால அவசரத்தில் வரைந்த வண்டி என்பதால் அதன் தகடுகள் பெரும்பாலும் தட்டை. வளைவும் நெளிவும் குறைவு. அடியில் ஏணி போன்ற சாசி. அதன்மேல் எல்லாம் போல்ட்டு நட்டு. பட்டறையில் டிங்கரிங் தெரிந்தவர் தகடு வாங்கி, வெட்டி, மடித்து, மட்கார்டைப் புதிதாகவே செய்துவிடலாம். ஸ்பிரிங் பட்டை முறிந்தால் அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றலாம். சுமை அதிகமென்றால் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கலாம். புஷ், பின் தேய்ந்தால் லேத்தில் கடைந்து போட்டுவிடலாம். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்து பேரெடுத்த ஊரில் இதற்கு ஆளா கிடைக்காது? ஒரு பழைய ஜீப் இத்தனை ஆண்டு ஓடுகிறதென்றால் அதற்குள் இப்படிப்பட்ட பட்டறைகளின் வேலை சேர்ந்திருக்கிறது. ஷெட்டில் துணி போர்த்தி நிறுத்திய காரில் தொழிற்சாலையின் திறமையைப் பார்க்கலாம். ஜீப்பில் அதோடு நம் மெக்கானிக்குகளின் திறமையையும் பார்க்கலாம்.

இங்கே முதல் ஆட்சேபம் வரும். எஞ்சினும் மாறி, பாடியும் மாறி, கியர்பாக்ஸும் மாறிய பிறகு அதைப் பழைய வண்டி என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆனால் ஜீப்பின் 'அசல்' எது என்று பார்த்தால் விடை சுலபமில்லை. 1973-ல் பெட்ரோல் விலை எகிறியபின் மஹிந்திரா தானே ஜீப்புக்கு டீசல் எஞ்சின் போட்டது. 1980-களில் பிரான்சின் பூஜோ டீசல் எஞ்சினும் வந்தது. தயாரித்தவர் செய்தால் மேம்பாடு, பட்டறைக்காரர் செய்தால் சிதைப்பு என்று எப்படிப் பிரிப்பது? கியூபாவைப் பாருங்கள். புரட்சிக்குப் பின் அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்தியதால், ஹவானாவில் 1950-களின் செவர்லே கார்கள் ரஷ்ய, ஜப்பானிய எஞ்சின்களோடு இன்றும் பங்கு டாக்சியாக ஓடுகின்றன. உலகம் முழுவதிலிருந்தும் போய் அவற்றைப் படமெடுக்கிறவர்கள் யாரும் அது செவர்லே இல்லை என்று சொல்வதில்லை. பழுது பார்த்த வரலாறும் வண்டியின் வரலாறுதான். ஆனால் ஓர் எல்லை வேண்டும். சாசியே வேறு என்றால் வண்டியே வேறு. சாசி நம்பர் மாறாதவரை அது அதே வண்டி என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது: இதில் ஆர்வம் எங்கே இருக்கிறது, வேறு வழியில்லாமல்தானே வைத்திருக்கிறார்கள்? பிரிட்டனோடு ஒப்பிட்டால் கேள்வியின் பலம் தெரியும். அங்கே பழைய அமெரிக்க கார் வைத்திருப்பவருக்கு அதனால் காசுப் பயன் ஏதுமில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம், கிராமத்துச் சாலை குறுகல், பெட்ரோல் விலை அதிகம், கார் ஒரு வீட்டு நீளம். ஆனாலும் வைத்திருக்கிறார்கள். போர்க்காலத்திலும் பிறகும் அங்கே முகாமிட்டிருந்த அமெரிக்க விமானப்படையினரின் கார்களைப் பார்த்து வந்த ஆசை அதில் கொஞ்சம். ராக் இசையும் சினிமாவும் மூட்டிய ஆசை மீதி. தூய ஆர்வம் என்றால் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயனுக்காகத் தொடங்கிய உறவில் பிரியம் வராது என்பது விவசாயிகளைத் தெரியாதவர்கள் பேச்சு. உழவு மாட்டைப் பயனுக்காகத்தான் வாங்குகிறோம். அதற்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுவது எந்தப் பயனுக்கு? சுமை ஏற்றப் பிக்கப் வண்டிகள் தாராளமாகக் கிடைக்கும் இந்நாளில் பலர் அவற்றுக்கு மாறிவிட்டார்கள் என்பதும் உண்மை. அப்படியும் ஜீப்பை விற்காமல், பாகம் தேடி அலைந்து ஓட்டுகிறவர் கட்டாயத்தால் மட்டும் செய்கிறார் என்று சொல்ல முடியாது.

பிரிட்டனின் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 40 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்கு அங்கே சாலை வரி இல்லை. 2018 முதல் ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. மாற்றம் கூடாது என்பதில் அவர்களும் கண்டிப்பானவர்கள்தான். வாடகைக்கு ஓட்டினால் சலுகை கிடையாது. ஆனால் சொந்த வேலைக்கு அந்தக் காரை எந்த நாளும் சாலையில் ஓட்டலாம். ஓடுகிற வண்டிதான் உயிரோடு இருக்கும் என்ற புரிதல் அதில் இருக்கிறது. நம் விதியில் அது இல்லை. 'வி.ஏ.' எழுத்து வாங்கிய வண்டி ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வரும் உற்சவர்.

புகையும் விபத்தும் இந்த வாதத்துக்கு எதிராக நிற்கும் கனமான விஷயங்கள். பழைய டீசல் ஜீப் கரும்புகை கக்கும், மறுக்க முடியாது. தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து கேரள ஏலத் தோட்டங்களுக்குப் பெண் கூலித் தொழிலாளர்களை ஜீப்புகளில் அடைத்துக்கொண்டு போவதும், அவை பள்ளத்தில் கவிழ்வதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். பாரம்பரியம் என்ற பெயரில் அதற்குச் சலுகை கேட்பது அநியாயம். ஆள் ஏற்றும் ஜீப்புக்கு எஃப்.சி. கண்டிப்பாக வேண்டும், ஆள் கணக்கு தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதற்கும் பாதுகாப்பு என்ற நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்றத்திலும் வகை உண்டு. பகட்டுக்காக ஆளுயர டயர் மாட்டுவது ஒன்று. எஞ்சின் செத்துப்போனதால் அதே கம்பெனியின் பிந்திய எஞ்சினைப் பொருத்துவது இன்னொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டாமவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் வரமாட்டார். வண்டி கணக்கில் இல்லாமல் மலையில் ஓடும். பாதுகாப்புக்கு அதுதான் கேடு.

அமெரிக்காவிலேயே நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மஹிந்திரா தன் பழைய ஜீப் உருவத்தை 2018-ல் 'ராக்ஸர்' என்ற பெயரில் மிச்சிகன் மாநிலத்திலேயே பூட்டி விற்றது. சாலைக்கு அல்ல, தோட்டம் துரவுக்கு. எங்கள் வண்டியைப் போலவே இருக்கிறது என்று ஜீப் பெயரை வைத்திருக்கும் கம்பெனி அங்கே வழக்குப் போட்டது. 2020-ல் தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிராக வந்து, முகப்பை மாற்ற வேண்டியதாயிற்று. உரிமம் வாங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே செய்த உருவம், பிறந்த ஊரிலேயே உரிமைச் சண்டைக்கு வரும் அளவுக்கு உயிரோடு இருந்திருக்கிறது. இந்தியாவில் செய்த ஜீப்பை அமெரிக்க வண்டி என்று எண்ணலாமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அந்த வழக்கே பதில்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. 'வி.ஏ.' விதிக்குப் பக்கத்தில், உழைக்கும் பழைய வாகனம் என்று இன்னொரு வகை வேண்டும். சாசி நம்பரை அடையாளமாகக் கொண்டு, மாற்றிய எஞ்சினை ஆர்.சி. புத்தகத்தில் மறைக்காமல் எழுத அனுமதித்து, ஆண்டுதோறும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பரிசோதித்து, மலைச்சாலையில் சுமைக்கு மட்டும் ஓட்ட விடலாம். 2022 ஏப்ரலில் பழைய கார்களின் மறுபதிவுக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். மலை விவசாயிக்கு மறுபதிவுக் கட்டணத்தில் பாதியாவது குறைக்கலாம். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவு கிடையாது என்பதால், அரசு ஆபீஸ்களின் பழைய ஜீப்புகள் உடைப்புக்குப் போகின்றன. மாவட்டத்துக்கு ஒன்றையாவது, அதன் லாக் புக்கோடு, எடுத்து வைக்கும்படி கலெக்டர்கள் உத்தரவிடலாம். உங்கள் வீட்டில் பழைய ஜீப் ஒன்று நின்றால், இரும்புக் கடைக்கு எடை போடுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தையும் சாசி நம்பரையும் எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பட்டறையில், எந்த எஞ்சின் மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு சேருங்கள்.