சர்க்கரை நோயாளிக்குப் பிரஷர் மாத்திரை எதற்கு?

"பி.பி. நார்மலாத்தானே இருக்கு டாக்டர், இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" கோவண்டியில் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி உள்ளவர்கள். ஊருக்குப் போன இடத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களும் உண்டு. இதற்கான விளக்கத்தை நம் சங்க மலர் வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுநீரகமும் ரத்த அழுத்தமும்

1898-ல் ஸ்டாக்ஹோம் நகரில் டீகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தினார்கள். அதன் ரத்த அழுத்தம் ஏறியது. அந்தச் சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். ரத்த ஓட்டம் குறைகிறது என்று தோன்றினால் சிறுநீரகம் ரெனினை வெளிவிடுகிறது. அதன் விளைவாக ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உண்டாகிறது. இது ரத்தக் குழாய்களைச் சுருக்கும்; உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும்.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். ஆஞ்சியோடென்சின் வெளியே போகும் குழாயைத்தான் அதிகம் நெரிக்கிறது. உள்ளே வரும் குழாயோ சர்க்கரை வியாதியில் விரிந்து கிடக்கிறது. வரவு கூடி, வழி குறுகினால் நடுவில் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. சரியாக இருந்தாலும் வடிகட்டிக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கலாம். நாளடைவில் வடிகட்டி பழுதாகி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது.

பாம்பு விஷம் காட்டிய வழி

பிரேசில் நாட்டு ஜராராக்கா என்ற விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததன் பலனாகக் காப்டோபிரில் என்ற மருந்து உருவாகி, 1981-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எனலாபிரில், ராமிபிரில் என்று "பிரில்" என முடிபவை ஆஞ்சியோடென்சின் உண்டாவதைக் குறைக்கின்றன. லோசார்டான், டெல்மிசார்டான் என்று "சார்டான்" என முடிபவை அது வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடுகின்றன. உங்கள் வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

1993-ல் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 409 பேரிடம் நடந்த ஆய்வில், இறப்பு, டயாலிசிஸ், சிறுநீரக மாற்று ஆகியவற்றின் அபாயத்தைக் காப்டோபிரில் பாதியாகக் குறைத்தது. நம்மவர்களில் அதிகம் காணும் இரண்டாம் வகையிலும் சிறுநீரகப் பழுது மெதுவாவதை 2001-ல் லோசார்டான், இர்பெசார்டான் ஆய்வுகள் காட்டின. மாரடைப்பும் பக்கவாதமும் குறைவதை 2000-ல் ராமிபிரில் ஆய்வு காட்டியது. ஆக, இது வெறும் பிரஷர் மாத்திரை அல்ல. வடிகட்டிக்கும் ரத்தக் குழாய்க்கும் காவல். பி.பி. நார்மல் ஆனது மாத்திரையால்தான். நிறுத்தினால் காவலும் போய்விடும்.

முதலில் சிறுநீரைப் பாருங்கள்

மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையிலும் பின்னர் சென்னை அப்போலோவிலும் பணியாற்றிய சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். மலிவான பழைய மருந்துகளைக் கொண்டே சிகிச்சை நடந்தது. டயாலிசிஸை எல்லோருக்கும் கொடுக்க முடியாத நாட்டில் வருமுன் காப்பதே வழி என்பது அதன் பாடம். இன்று பிரில், சார்டான் மாத்திரைகளே ஜன் ஔஷதி கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

எனவே வருடம் ஒருமுறை "சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்" பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 30-க்குக் கீழ் இருந்தால் நல்லது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஆரம்பக் கசிவு தெரியாமல் போகலாம். கசிவும் இல்லை, பி.பி.யும் இல்லை என்றால் சிறுநீரகத்துக்காக இம்மாத்திரை தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

"இந்த மாத்திரையே கிட்னியைக் கெடுத்துடும்" என்பது தவறான பயம். ஆரம்பித்ததும் கிரியாட்டினின் சற்று ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். பொட்டாசியம் கலந்த "லோ சோடியம்" உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். பிரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மாற்றாகச் சார்டான் உண்டு. முகம், நாக்கு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு வகையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. நன்மை கூடவில்லை, கெடுதலே கூடியது என்று 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது. வாந்தி, பேதி கடுமையாக இருந்தால் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி டாக்டரைக் கேளுங்கள். மூட்டு வலிக்கு நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

சமீப ஆண்டுகளில் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளும் துணைக்கு வந்துள்ளன. ஆனாலும் சர்க்கரைக் கட்டுப்பாடு, ஊறுகாய் அப்பளம் கருவாட்டில் அளவு, புகையிலையை விடுதல் ஆகியவற்றுக்கு மாற்று எதுவும் இல்லை.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் என்றால் நோயாளியின் வேலை போகும். கூட வருபவரின் கூலியும் போகும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் தினம் ஒரு மாத்திரையும் அந்த நாளைப் பல வருடங்கள் தள்ளிப்போடும். அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, துணிமணியோடு இரண்டு மாத மாத்திரையையும் எடுத்து வையுங்கள்.